அப்புக்காத்தரும் இறுகிப்போன எஞ்சினும்

கொக்குவில் அப்புக்காத்தரிடம் மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுத்துவிட்டு, அன்று பின்னேரம் மனைவியோடு சிரித்துக் கதைத்துத் தேநீர் குடித்த ஆண்பிள்ளை ஒருவரையும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்ட முடியாது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவன்.

அப்புக்காத்து என்பது வழக்கறிஞருக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பழைய சொல். ஆனால் இந்த மனிதர் நீதிமன்ற வாசலை மிதித்தவரல்லர். ரயில் பாதையை ஒட்டினாற்போல, தகரக் கூரை போட்ட ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். மின்சார பில் கொண்டுவருபவருக்கு அது தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் அப்புக்காத்தர்.

பெயர் வந்த காரணம் எளிது. மற்ற மெக்கானிக்குகள் சைக்கிள் வந்ததும் எஞ்சினைப் பார்ப்பார்கள். இவர் ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். கராஜின் நடுவில் கைப்பிடி உடைந்த நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருக்கும். அதில் ஆளை இருத்திவிட்டு, இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி கேள்வி கேட்பார். கேள்விகள் முடியும்வரை நட்டுக் கழற்றும் ஒரு சாவிக்கும் வேலையில்லை. இடுப்புக்குக் கீழே கட்டியிருக்கும் சாறத்தின் நிறத்தை அதை நெய்தவரே வந்தாலும் சொல்ல முடியாது. இடுப்புக்கு மேலே மட்டும் நீளக்கை வெள்ளைச் சேட், கழுத்துப் பொத்தான் உட்பட. அந்தச் சேட்டில் ஒரு சொட்டு ஒயில் பட்டு நான் பார்த்ததில்லை.

“எஞ்சினுக்கு நடந்தது எல்லாம் தெரியும், ஆனா வாய் இல்லை. ஓடினவருக்கு வாய் இருக்கு, ஆனா நடந்தது வராது. நான் என்ன செய்யிறது?” என்று கேட்பார்.

பாதைக்குப் பக்கத்தில் என்பதால் ரயில் வரும்போது ஒன்றும் கேட்காது. அப்புக்காத்தர் வசனத்தின் நடுவில் வலது கையைத் தூக்கி அப்படியே நிற்பார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லில் இருந்து தொடங்குவார். கதிரையில் இருப்பவருக்கு அந்த இடைவெளியில் ஒரு நல்ல பொய் கிடைத்திருக்கும். ஆனால் ரயில் போகும்வரை அவர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றதில் அந்தப் பொய் தொண்டையிலேயே வற்றிப்போய்விடும்.

ஒருமுறை வங்கியில் வேலை செய்யும் ஒருவர் மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். செயின் துருப்பிடித்துக் கறகறக்கிறது என்று முறைப்பாடு. அப்புக்காத்தர் குனிந்து பின் மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டு எடுத்தார். விரலை முகர்ந்தார்.

“சனிக்கிழமை எங்கை போனனீங்கள் ஐயா?”

“வங்கிக் கந்தோரிலை கூட்டம். பின்னேரம் வரைக்கும் அங்கைதான்.”

“கந்தோரிலை மீனும் காயப்போடீனமோ?”

விரல் நுனியில் உப்பு மணலும் அதன் மேல் பளபளவென்று ஒரு செதிலும் இருந்தன. கொழும்புத்துறைக் கரையில், கூட்டாளிகளோடு, மீன் பொரியலும் அதற்குத் தோதான வேறு சிலவுமாகக் கழிந்த சனிக்கிழமை அது என்பது அந்த அம்மாவின் முன்னிலையில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செயினுக்கு அவர் ஒயில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் நடந்ததற்கு ஒன்றும் போட முடியவில்லை. அதற்குப் பிறகு கொக்குவில் ஆண்கள் அவரிடம் தனியாகப் போகவே விரும்பினார்கள். பெண்கள் தாங்களும் வருகிறோம் என்று நின்றார்கள்.

சபைப் போதகர் ஒருவரும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். கியர் மாற்றும் மிதிகட்டை வளைந்துவிட்டது என்று வந்தவர்.

“போதகர் ஐயா, கோவம் வந்தால் என்ன செய்வியள்?”

“ஜெபிப்பன்.”

“நீங்கள் ஜெபிக்கேக்கை கியரை உதைக்கிறது ஆர்?”

போதகர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் தானே இந்தக் கதையைச் சொல்லி, பொறுமையைப் பற்றி நல்ல ஒரு பேச்சுப் பேசினார் என்று கேள்வி. பின்வரிசையில் அப்புக்காத்தரும் இருந்தாராம். அவர் சைவக்காரர். தீர்ப்பு ஒழுங்காக வாசிக்கப்படுகிறதா என்று பார்க்கப் போயிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் சைக்கிள் மறுபடி போய்ச் சேர்ந்தது.

அந்த நாட்களில் என் மனைவி வசந்தியின் தம்பி சுதனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். சுதன் வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு பூட்டும் வேலை செய்பவன். எப்போதும் சிரித்த முகம். தாய் தகப்பன் இல்லாததால் அவனுக்கு அக்காதான் எல்லாம். பெண் நல்லூரில். பெயர் தர்சினி. அவளுடைய தகப்பன் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊரில் போஸ்ட் மாஸ்டர் என்றே சொல்வார்கள். பேசிச் செய்யும் கலியாணம்தான் என்றாலும், பெரியவர்கள் சாதகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் பிள்ளைகள் இருவரும் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாள் குறிப்பதற்காக ஒரு காலை நானும் வசந்தியும் நல்லூருக்குப் புறப்பட்டோம். அவள் மடியில் ஒரு தட்டம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். கொக்குவில் சந்தியைத் தாண்டியதும் எஞ்சினில் இருந்து முனகல் ஒன்று கேட்டது. வயிற்றுவலிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போன்ற சத்தம். நான் திரொட்டிலை முறுக்கினேன். வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. சுட்ட இரும்பு மணம் மூக்கில் ஏறியது. அடுத்த கணம் பின்சில்லு அப்படியே நின்றுவிட்டது. சில்லு நின்றாலும் நாங்கள் நிற்கவில்லை. றோட்டில் கோடு கீறிக்கொண்டே போய் ஒரு மதிலில் சாய்ந்தோம். வசந்தியின் முழங்கையில் சிராய்ப்பு. பாக்கு மட்டும் தனியாக நல்லூர்ப் பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது.

கிளச்சைப் பிடித்தால் சில்லு உருண்டது. விட்டால் நின்றது. உதைக்கிற கம்பியில் நான் ஏறி நின்றும் அது அசையவில்லை. சுவரில் அறைந்த ஆணியில் ஏறி நின்றதுபோல இருந்தது.

“இனி என்ன செய்யிறது?” என்றேன்.

“என்ன செய்யிறது? அப்புக்காத்தரிட்டைத் தள்ளுங்கோ” என்றாள் வசந்தி. அவளுடைய குரலில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புக்காத்தர் கம்பியைக் கையால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். நான்காம் கியரில் போட்டுச் சைக்கிளை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார். ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

“இறுகிப்போச்சு. பிஸ்டன் உள்ளுக்கை பிடிச்சுக்கொண்டு நிக்குது” என்றார். “மாஸ்டர், இருங்கோ கதிரையிலை.”

நான் நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணக்குப் படிப்பிப்பவன். நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லப் பழக்கம் இல்லை. வேர்த்துவிட்டது. ஆனால் அதிர்ஷ்டம், என்னிடம் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிளைக் கடைசியாக வேறு யார் கொண்டுபோனது என்று கேட்டார். “தம்பிதான், பருத்தித்துறைக்கு” என்று வசந்தி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அப்புக்காத்தரின் முகம் மலர்ந்தது. சுதனைக் கூப்பிடச் சொன்னார்.

சுதன் வேலையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். கதிரையில் இருந்தான்.

“பருத்தித்துறைக்குப் போகேக்கை ஒயில் பாத்தனீரோ தம்பி?”

“பாத்தனான் அண்ணை. அளவுக்கு இருந்தது.”

“வரேக்கை?”

“வரேக்கை ஏன் பாக்கோணும்? போகேக்கை இருந்ததுதானே?”

“ஓ. போகேக்கை இருந்தால் வரேக்கையும் இருக்கும். நல்ல கொள்கை.”

ஒயில் அளவு பார்க்கும் கோலை இழுத்து வெயிலில் பிடித்தார். அளவுக் கோடுவரை ஒயில் இருந்தது. எனக்கு நிம்மதி. சுதன் குற்றவாளி இல்லை என்று நினைத்தேன். ஆனால் அப்புக்காத்தர் அந்தக் கோலைப் பார்த்த பார்வையில் நிம்மதி இல்லை.

“ஒயில் கிடக்கு. உது கிடக்கிறதுதான் எனக்குச் சந்தேகம். ஒயில் கிடந்தால் எஞ்சின் ஏன் இறுகுது? ஒயில் இல்லாமல் ஓடிச் சூடேத்திப்போட்டு, பிறகு பயத்திலை புது ஒயில் ஊத்தினால்தான் இப்பிடி இருக்கும்.”

“நான் ஊத்தேல்லை அண்ணை!”

“ஊத்தின ஆக்கள் ஒருத்தரும் ஊத்தினனான் எண்டு என்னட்டைச் சொன்னதில்லை, தம்பி.”

அந்த நேரம் பார்த்து யாழ்தேவி ரயில் வந்தது. அப்புக்காத்தர் கையைத் தூக்கினார். ரயில் போகும்வரை சுதன் வாயைத் திறந்து திறந்து மூடினான். கராஜில் வேறு வேலைக்கு வந்து நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அந்தக் கோலத்தில் யாரைப் பார்த்தாலும் குற்றவாளி மாதிரித்தான் தெரியும்.

ரயில் போன பின் சுதன் அக்காவைப் பார்த்தான். வசந்தி, “உண்மையைச் சொல்லு தம்பி, ஒருத்தரும் அடிக்க மாட்டினம்” என்றாள்.

சுதனின் முகத்தில் சிரிப்பு நின்றுபோன இடம் அதுதான். எழுந்தான். “நான் சொன்னதுதான் உண்மை” என்றான். போய்விட்டான்.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையால் டீசலை விட்டு, “ஊறட்டும்” என்றார் அப்புக்காத்தர். எஞ்சினில் டீசல் ஊறியதைவிட வேகமாக ஊருக்குள் கதை ஊறியது. நாங்கள் வேறு நாள் பார்த்து நல்லூர் போவதற்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டரும் அப்புக்காத்தரிடம்தான் சைக்கிளைத் திருத்தக் கொடுப்பவர். அப்புக்காத்தரின் தீர்ப்பு என்றால் போஸ்ட் மாஸ்டருக்குத் தந்தி வந்த மாதிரி.

நாங்கள் போன அன்று தேநீர் கொடுத்தார்கள். பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிறகு போஸ்ட் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“எஞ்சின் போறது பெரிய விசயமில்லை மாஸ்டர். இரும்புதானே. ஆனா இரவல் வாங்கின சாமானைப் பழுதாக்கிப்போட்டு, அதை ஒளிக்கிறதுக்கு ஒயிலும் ஊத்துற புத்தி... எனக்கு ஒரு பிள்ளை. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்.”

எங்கள் ஊரில் ‘பொறுத்துப் பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளறையில் ஏதோ பாத்திரம் பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அது தர்சினியின் கருத்து.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் எங்களோடு சாப்பிட வரும் சுதன் வரவில்லை. வசந்தி நண்டுக் கறி வைத்து அனுப்பினாள். அடைத்த பாத்திரம் அடைத்தபடியே திரும்பி வந்தது. அவள் வாசல் படலையைப் பார்த்துப் பார்த்து நின்றுவிட்டு என்னிடம் திரும்புவாள். “உங்களை ஆர் அந்த மனுசனிட்டை கொண்டுபோகச் சொன்னது?” யார் சொன்னது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருபது வருடக் கலியாண வாழ்க்கை எனக்கு நினைவாற்றலை மட்டும் தரவில்லை; அதை எப்போது பாவிக்கக்கூடாது என்பதையும் சொல்லித் தந்திருக்கிறது.

எஞ்சினைத் திறக்கும் அன்று நான் கராஜுக்குப் போனேன். அப்புக்காத்தர் நல்ல உசாராக இருந்தார். எஞ்சின் தலையைக் கழற்றினார். பிஸ்டனின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினார். டீசல் தன் வேலையைச் செய்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, கடைசியில் சிலிண்டர் கையோடு வந்தது. பிஸ்டனின் பக்கங்களில் பூனை பிறாண்டியதுபோல நீள நீளக் கீறல்கள். வளையங்கள் தம் பள்ளங்களிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“பாத்தீரே மாஸ்டர்? காய்ஞ்சு செத்திருக்கு. ஒரு சொட்டு ஒயில் காணேல்லை உது.”

சொல்லிவிட்டுப் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். அது நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

“புது ஒயில் ஊத்தியிருந்தால் இவடம் நனைஞ்சிருக்க வேணுமே” என்றார் தனக்குத்தானே. “ஒயில் கீழை கிடக்கு. மேலை ஏறேல்லை. ஏன் ஏறேல்லை?”

பக்கத்து மூடியைக் கழற்றினார். கிளச் இருக்கும் பக்கம். அதற்குள்தான் ஒயிலை மேலே அனுப்புகிற சின்னப் பம்பும் இருக்கிறது. பம்பைச் சுழற்றிப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. பிறகு மூடியின் உட்புறத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பம்பில் இருந்து ஒயில் போகும் பாதை அந்த மூடிக்குள்ளால்தான் போகிறது. ஒரு பென்சில் நுழையாத துவாரம். ஊதினார். காற்றுப் போகவில்லை. கிளச் கேபிளில் இருந்து ஒரு நூல் கம்பியை உருவி உள்ளே விட்டுத் துழாவி இழுத்தார்.

புழு மாதிரி ஒன்று வெளியே வந்தது. நெளிந்து, இறப்பர் போல, சிவப்பாக.

இந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் மூடிகளைப் பூட்டும்போது ஒயில் கசியாமல் இருக்க விளிம்பில் ஒரு பசை பூசுவார்கள். ஊரில் எல்லா மெக்கானிக்கும் பூசுவது கறுப்புப் பசை. அப்புக்காத்தர் மட்டும் சிவப்பு. கனடாவில் இருக்கும் தங்கை அனுப்பும் பசை. “என்ரை வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காணலாம்” என்று அவர் பெருமையடிக்காத நாள் இல்லை. நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எப்படிக் காண்பது என்று கேட்க யாருக்கும் துணிவு வந்ததில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் என் சைக்கிளுக்குக் கிளச் தகடு மாற்றி, அந்த மூடியைத் தாராளமாகச் சிவப்புப் பசை பூசிப் பூட்டிக் கொடுத்திருந்தார். விளிம்பில் கூடிப்போன பசை உள்ளே பிதுங்கி, நாளடைவில் பிய்ந்து, ஒயில் பாதையில் போய் அடைத்திருக்கிறது. சுதன் ஒயில் இருக்கிறது என்று சொன்னதும் உண்மை. ஊற்றவில்லை என்று சொன்னதும் உண்மை.

ரயில் ஒன்று வந்து போனது. அப்புக்காத்தர் கையைத் தூக்க மறந்துவிட்டார். பிறகு மெல்ல நடந்து போய், அந்த நீலக் கதிரையில் தான் இருந்தார்.

“கிளச் மூடியைக் கடைசியாக் கழட்டினது ஆர்?” என்று கேட்டார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னிடம் கேட்கவில்லை.

“நான்தான்” என்று அவரே சொன்னார்.

“பசை பூசினது?”

“நான்.”

“பூட்டமுன்னம் ஓட்டையை ஊதிப் பாத்தனீரோ?”

அந்தச் சிவப்புப் புழுவை விரல்களுக்கு இடையில் உருட்டினார்.

“அண்ணை, விடுங்கோ” என்றேன். “வேணுமெண்டு செய்தனீங்களே?”

“நீர் சும்மா இரும் மாஸ்டர். சாட்சி கதைக்கேக்கை குறுக்கை விழக்கூடாது.” பிறகு குரல் இறங்கியது. “ஊதிப் பாக்கேல்லை” என்றார்.

“சுதனுக்குப் போனிலை ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றேன்.

“குற்றவாளி எண்டு பெடியனுக்கு முகத்துக்கு நேரை சொன்னனான். இப்ப போனிலை சொல்லுறதோ?”

கை கழுவினார். அந்தச் சிவப்புப் புழுவைக் கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்தார். மூடியைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் தந்தார். பிறகுதான் எனக்கு ஒரு விசயம் தெரிய வந்தது. குடாநாட்டில் பாதி மோட்டார் சைக்கிள்களைத் திருத்திய அந்த மனிதரிடம் சொந்தமாக இருந்தது மிதித்து ஓட்டும் ஒரு துவிச்சக்கர வண்டி மட்டும்தான். அதன் காரியரில் நான் ஏறினேன். என் எடையைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது ஒன்றே அவர் எவ்வளவு உடைந்து போயிருந்தார் என்பதற்குச் சாட்சி.

சுதன் பக்கத்துத் தெரு ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டுக் கூரையில் தகடு பூட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, கொஞ்சம் இறங்கும்!”

மேலிருந்து எட்டிப் பார்த்தான். “இன்னும் என்ன கேக்கப் போறியள்?”

“கேக்க வரேல்லை. சொல்ல வந்தனான்.”

“எனக்கு வேலை கிடக்கு.”

இறங்க மாட்டான் என்று தெரிந்ததும் அப்புக்காத்தர் றோட்டின் நடுவில் நின்று, அண்ணாந்து, சொல்லத் தொடங்கினார். மூடி, பசை, ஓட்டை, ஊதாமல் விட்டது, எல்லாம். அவருடைய குரல் ரயிலோடு போட்டி போட்டுப் பழகிய குரல். ஒழுங்கையில் இருந்த படலைகள் எல்லாம் திறந்தன. மீன் விற்க வந்தவர் தராசைத் தூக்கிய கையோடு நின்றார். “பிழை என்ரை. உம்மடை இல்லை. எல்லாருக்கும் கேக்குதே?” என்று முடித்தார். “ஓம், கேக்குது” என்றார் மீன்காரர்.

பிறகு சுதன் ஏணியால் இறங்கி வந்தான். கண் கலங்கியிருந்தது. “எனக்குச் சொன்னது போதும் அண்ணை. அக்காட்டைச் சொல்லுங்கோ. நீங்கள் நம்பாதது எனக்குப் பெரிசில்லை. அவள் நம்பேல்லை.”

எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி அப்புக்காத்தர் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

“தங்கச்சி, உங்கடை தம்பி பொய் சொல்லேல்லை. நான்தான் பொய்யாய்க் குற்றம் பிடிச்சனான்.”

வசந்தி அந்தச் சிவப்புப் பசைத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவரை ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல், அப்புக்காத்தரின் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போய்விட்டாள். நானும் அவரும் நல்லூருக்கு ஓட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. அன்று ஏணிக்கடியில் அக்காவும் தம்பியும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னேரம் இருவரும் ஒன்றாக வந்தார்கள். அவன் சோறு கேட்டான்.

நல்லூரில் போஸ்ட் மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். “பரவாயில்லை. மனுசர்தானே, பிழை வாறதுதான்.”

அங்கேதான் அப்புக்காத்தருக்குப் பழைய மூச்சுத் திரும்பி வந்தது. கைகள் பின்னால் போயின.

“ஐயா, நான் அந்தப் பெடியனை அண்டைக்குத்தான் முதல் முதல் கண்டனான். உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?”

“மாசக்கணக்கா வந்து போறவர்தான்.”

“ஒருநாளாவது பொய் சொன்னவரோ?”

“இல்லை.”

“அப்ப என்னத்தை நம்பி நிப்பாட்டினனீங்கள்?”

“நீங்கள் சொன்னதாலை...”

“நான் மெக்கானிக், ஐயா. மருமகனைத் தெரிய என்னட்டை ஏன் வாறியள்?”

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். உள்ளறைக் கதவு திறந்தது. தர்சினி நாலு பேருக்குக் கேட்கும்படி, “நான் இதைத்தானே அப்பா அண்டைக்கே சொன்னனான்” என்றாள். பிறகு அப்புக்காத்தரைப் பார்த்து, “தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?” என்று கேட்டாள். அந்த வீட்டில் இனி முடிவு எடுப்பது யார் என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

சிலிண்டரைக் கடைந்து எடுக்க யாழ்ப்பாண நகரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம்; எல்லோருக்கும் அவர் நானா. நானாவும் அப்புக்காத்தரும் பழைய சிநேகிதர்கள். தொண்ணூறில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட நானாவின் குடும்பம் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து மறுபடி பட்டறை திறந்தபோது முதல் வேலை கொண்டுபோனவர் இவர்தான். “என்ன அப்புக்காத்தர், கீறல் பலமா இருக்கு. ஆர் செய்த வேலை?” என்று கேட்டார் நானா. “கொக்குவிலிலை ஒரு விசரன்” என்றார் அப்புக்காத்தர். நானா அவருடைய முகத்தை ஒருதரம் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் லேத்தைப் போட்டார். கடைந்த சிலிண்டருக்கு அளவான பெரிய பிஸ்டன் போட்டு, புது வளையம் மாட்டி, மூடியைப் பூட்டுமுன் அப்புக்காத்தர் அந்தத் துவாரத்தை ஊதினார். கன்னம் இரண்டும் உப்ப ஊதினார். என்னையும் ஊதிப் பார்க்கச் சொன்னார். தேத்தண்ணி கொண்டுவந்த கடைக்காரரும் ஊதினார்.

எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்தது. புது எஞ்சின் பழகும்வரை வேகம் கூடாது என்று எனக்குக் கடுமையான உத்தரவு. துவிச்சக்கர வண்டிகள் என்னை முந்திக்கொண்டு போயின. ஒருமுறை ஒரு மாடும் முந்தியது.

கலியாணத்துக்கு அப்புக்காத்தர் அதே வெள்ளைச் சேட்டோடு, புது வேட்டி கட்டி வந்தார். மாப்பிள்ளை கையைப் பிடித்து முன்வரிசையில் இருத்தினான். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், வெளிநாட்டில் இருந்து வந்த யாரோ ஒரு உறவினர் அவரிடம், “நீங்கள் மாப்பிள்ளை பக்கமோ, பொம்பிளை பக்கமோ?” என்று கேட்டார். அப்புக்காத்தர் யோசித்தார். “நான் எதிர்ப்பக்கம். வழக்குத் தோத்துப் போனன்” என்று சொல்லி, பாயசத்துக்குக் கை நீட்டினார்.

அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கதிரையும் கேள்வியும் இன்னும் இருக்கின்றன. ஒரு வித்தியாசம், சைக்கிள் வந்ததும் முதல் கேள்வி இப்போது தனக்குத்தான். “இதைக் கடைசியாத் திறந்தது நானோ?” என்று முணுமுணுப்பார். இல்லை என்று தெரிந்தால் அந்த முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர் தொலைந்தார்.

நாங்கள் கொஞ்ச நாளைக்கு முன் நல்லூருக்கு வீடு மாறிவிட்டோம். வீட்டு மூலையிலேயே நல்ல கராஜ் ஒன்று இருக்கிறது. கணினி வைத்துப் பார்க்கிறார்கள். கேள்வி எதுவும் கேட்பதில்லை. போன கிழமை நான் கொக்குவிலுக்குப் போனேன்.

அப்புக்காத்தர் எஞ்சின் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார். “என்ன பிழை?”

“ஒரு பிழையும் இல்லை அண்ணை.”

“பிறகு ஏன் வந்தனீர்?”

“இந்தப் பக்கத்தாலை போனனான். அதுதான் சும்மா...”

“நல்லூரிலை இருக்கிற ஆள். நல்லூரிலை படிப்பிக்கிற ஆள். இந்தப் பக்கத்தாலை எங்கை போறீர்?”

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. அவர் ஒயில் கையால் வாயை மறைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. அந்தக் கராஜில் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டு, இவ்வளவு சந்தோசமாக நின்ற ஆள் நானாகத்தான் இருப்பேன்.